மலக்குடல் புற்றுநோய்க்கு சர்ஜனைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரியப்பாவுக்கு பயாப்சி ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே, "வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க, வெள்ளிக்கிழமை எடுத்துடலாம்" என்றார் சர்ஜன். ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். அப்பெண்டிக்ஸ், பித்தப்பை, ஹெர்னியா என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் கைபட்டவர்கள்தான். அக்கா மட்டும் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்: "சார், இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்ணுவீங்க?"

"வயிறு கேஸ் வாரத்துக்கு நாலஞ்சு பண்றேன்மா."

பொய்யில்லை. ஆனால் அக்கா கேட்டது வயிற்றை இல்லை, மலக்குடலை. அந்த இடைவெளியில்தான் நாங்கள் வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட்டோம். அடுத்த மூன்று வாரம் அலைந்து தெரிந்துகொண்டதையும், பிறகு வேறு சில குடும்பங்களோடு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து கற்றதையும் வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. சிகிச்சை என்ன என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை யாரிடம் கேட்பது என்பதற்கு மட்டும் இந்தக் கட்டுரை.

இந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 செ.மீ. மேலே வயிற்றுக்குள் இருக்கும் குடலை வெட்டி இணைக்க சர்ஜனுக்குக் கை நீட்ட இடம் இருக்கிறது. மலக்குடலோ இடுப்பெலும்புக் கூட்டுக்குள், புனல் போன்ற ஒரு குழியில் இறங்கிக் கிடக்கிறது. பின்னால் திருவெலும்பு. முன்னால் ஆண்களுக்கு சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும், பெண்களுக்கு கர்ப்பப்பையும் பிறப்புறுப்பும். இரண்டு பக்கமும் சிறுநீர் கழிப்பதையும் தாம்பத்திய உறவையும் கட்டுப்படுத்தும் நூல் போன்ற நரம்புகள். ஆண்களின் இடுப்பு குறுகலாக இருப்பதால் அவர்களுக்கு வேலை இன்னும் கடினம்.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு, மீசோரெக்டம் என்பார்கள். நிணநீர் முடிச்சுகள் அதற்குள்தான் இருக்கின்றன, புற்றுநோய் முதலில் பரவுவதும் அங்கேதான். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரின் சர்ஜன் பில் ஹீல்ட் 1982-இல் சொன்னது இதுதான்: உறையைக் கிழிக்காமல், அதற்கு வெளியே இயற்கையாக இருக்கும் மெல்லிய இடைவெளியில் போய், மொத்தமாக எடுங்கள். நுங்கைத் தோல் கிழியாமல், தண்ணீர் சிந்தாமல் அதன் குழியிலிருந்து நோண்டி எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு ஒரு நொடி. பழகாத கையில் உடைந்துவிடும். இந்த முறைக்கு டி.எம்.இ என்று பெயர். அதற்கு முன்பு பல சர்ஜன்கள் கையை விட்டுப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். உறையின் துணுக்குகள் உள்ளேயே தங்கி, அதே இடத்தில் நோய் திரும்ப வந்தது.

கை மாறினால் முடிவு மாறுமா?

மாறும். இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

கனடாவின் எட்மண்டன் நகரில் 1983 முதல் 1990 வரை ஐந்து ஆஸ்பத்திரிகளில் மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 683 பேரின் கதையைத் திரும்பப் புரட்டினார்கள். 1998-இல் ஆய்வு வெளிவந்தது. ஆபரேஷன் செய்தவர்கள் 52 சர்ஜன்கள். அதில் குடல்-மலக்குடல் அறுவைக்கென்றே தனிப்பயிற்சி பெற்றவர்கள் வெறும் 5 பேர். அந்தப் பயிற்சி இல்லாதவர்களிடம் செய்துகொண்டவர்களுக்கு, அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. அந்தக் காலகட்டம் முழுவதிலும் 21-க்கும் குறைவாகச் செய்த சர்ஜன்களிடம் போனவர்களுக்கு சுமார் 1.8 மடங்கு. பயிற்சியும் எண்ணிக்கையும் தனித்தனியாகவே வேலை செய்தன என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது. நிறையச் செய்தவர் என்பதாலேயே முறையாகக் கற்றவர் என்று ஆகாது. கற்றவர் என்பதாலேயே கை பழகியவர் என்றும் ஆகாது.

ஸ்வீடன் வேறு வழியில் காட்டியது. தொண்ணூறுகளில் ஸ்டாக்ஹோம் வட்டாரத்து சர்ஜன்களுக்கு ஹீல்டே வந்து ஆபரேஷன் செய்துகாட்டி வகுப்பெடுத்தார். வகுப்புக்கு முன்னால் இரண்டு ஆண்டுக்குள் நோய் அதே இடத்தில் திரும்பியது சுமார் 15 சதவீதம் பேருக்கு, பின்னால் 6. மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரப் பை வைக்க வேண்டிவரும் ஆபரேஷன் பாதிக்கு மேல் இருந்தது, 27 சதவீதமாக இறங்கியது. மருந்து மாறவில்லை, கை மாறியது. நார்வேயும் 1993-இல் நாடு முழுக்க இதையே செய்தது: சர்ஜன்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு நோயாளியையும் பதிவேட்டில் ஏற்றி, இந்த ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகளைக் குறைத்தார்கள். அதே இடத்தில் நோய் திரும்புவது 28 சதவீதத்திலிருந்து பத்துக்குக் கீழே வந்தது.

முதல் படி: அட்மிஷன் தேதியைத் தள்ளுங்கள்

பயாப்சியில் புற்றுநோய் என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அவசரம், "நாளைக்கே எடுத்துடணும்" என்று. இந்தக் கட்டி பல மாதங்களாக, பெரும்பாலும் வருடக்கணக்கில் வளர்ந்தது. சரியான ஸ்கேனுக்கும் சரியான ஆளுக்கும் இரண்டு மூன்று வாரம் செலவழிப்பதில் நஷ்டம் இல்லை. அதற்காக மாதக்கணக்கில் மூலத்துக்கு மருந்து தேடிக்கொண்டு அலையவும் கூடாது. நம் ஊரில் பல பேருக்கு ரத்தம் போவதை மூலம் என்று நினைத்தே ஒரு வருடம் போய்விடுகிறது.

விதிவிலக்கு உண்டு. குடல் அடைத்து வயிறு உப்பி வாந்தி எடுத்தால், குடலில் ஓட்டை விழுந்தால், நிற்காமல் ரத்தம் போனால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அப்போதும் ஒன்றைக் கேளுங்கள்: "இப்போதைக்கு ஸ்டோமா மட்டும் வெச்சு அடைப்பை எடுத்துட்டு, கட்டியை அப்புறம் முறையா பார்க்கலாமா?" ஸ்டோமா என்பது குடலை வயிற்றின் மேல் திறந்து, மலம் பையில் சேர வைப்பது. அடைப்புக்குப் பல சமயம் அதுவே போதும். நடுராத்திரியில், எம்.ஆர்.ஐ இல்லாமல், டியூட்டியில் இருப்பவர் மலக்குடலையே எடுத்துவிட்டால் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

இரண்டாம் படி: ஃபைலைத் தயார் செய்யுங்கள்

யாரிடம் போனாலும் கேட்பது இவைதான்: கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்சி ரிப்போர்ட், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி, ரத்தத்தில் சி.இ.ஏ (இந்தப் புற்றுநோயைக் கண்காணிக்க உதவும் ஒரு புரதத்தின் அளவு), இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. பயாப்சித் துண்டில் எம்.எம்.ஆர் சோதனை (மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்; சிலருக்கு சிகிச்சையின் போக்கையே அது மாற்றிவிடும்.

எம்.ஆர்.ஐ-யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியப்பாவை வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு அழைத்தபோது ஃபைலில் அது இல்லவே இல்லை, சி.டி மட்டும்தான். மலக்குடல் புற்றுநோயில் இடுப்பு எம்.ஆர்.ஐ சர்ஜனின் வரைபடம். அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். கட்டி ஆசனவாய் விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ உயரத்தில் இருக்கிறது. குடல் சுவரைத் தாண்டிக் கொழுப்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது. உறையின் வெளி ஓரத்தைத் தொடுகிறதா, இல்லை எத்தனை மி.மீ தள்ளி நிற்கிறது. குடலுக்கு வெளியே உள்ள ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா. இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் "மலக்குடலில் சுவர் தடித்துள்ளது" என்று இரண்டு வரியில் முடிந்த ரிப்போர்ட்டை வைத்து யாரும் திட்டம் போட முடியாது. எம்.ஆர்.ஐ படத்தைக் குறுந்தகட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழகிய ரேடியாலஜிஸ்ட் திரும்பப் படிப்பார், சில சமயம் வேறு மாதிரியே படிப்பார்.

மூன்றாம் படி: பலகையில் உள்ள பட்டத்தைப் படியுங்கள்

இந்தியாவில் எம்.எஸ். பொது அறுவை முடித்தவர் ஜெனரல் சர்ஜன். அதற்கு மேல் மூன்று வருடம் படித்து எம்.சிஎச். வாங்கியவர்களில் நமக்கு வேண்டியவர்கள் இரண்டு வகை. புற்றுநோய் அறுவையில் முடித்தவரை ஆங்கோ சர்ஜன் என்கிறோம், குடல்-கல்லீரல் அறுவையில் முடித்தவரை கேஸ்ட்ரோ சர்ஜன். இரண்டில் எது உசத்தி என்று வராந்தாவில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். அதில் இறங்காதீர்கள். ஆங்கோ சர்ஜன் ஒருவர் நாள் முழுக்க வாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் பார்ப்பவராக இருக்கலாம். கேஸ்ட்ரோ சர்ஜன் ஒருவர் பெரும்பாலும் கல்லீரலும் கணையமும் பார்க்கலாம். இருவரிலும் மலக்குடலையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, அதற்கென்று ஒன்றிரண்டு வருடம் தனிப் பயிற்சி பெற்றவர்களும் உண்டு. பட்டம் வாசல்வரைதான் கூட்டிப்போகும். உள்ளே போனதும் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

நான்காம் படி: எண்ணைக் கேளுங்கள், எந்த எண் என்று குறிப்பாகக் கேளுங்கள்

சிகிச்சைக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல் ஒரு குறைந்தபட்சம் வைத்தது. மலக்குடல் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி ஆண்டுக்குக் குறைந்தது 10 செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு சர்ஜனும் குறைந்தது 5. நெதர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு 20. இவை நல்லவருக்கான அளவுகோல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்குக் கீழே இருந்தால் செய்யவே வேண்டாம் என்கிற தரைமட்டம் இது.

"அஞ்சுதானே, நம்ம ஊர் டாக்டர் அம்பது பண்ணியிருப்பார்" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் குடல் புற்றுநோய் குறைவு. அதில் மலக்குடல் ஒரு பங்கு. அந்தப் பங்கையும் ஒரு மாவட்டத்தில் உள்ள அத்தனை சர்ஜன்களும் பிரித்துக்கொண்டால், இருபது வருட அனுபவசாலிக்குக்கூட வருடத்துக்கு ஒன்றிரண்டு வரலாம். அவர் திறமையில் குறையில்லை, கைக்கு வேலை வரவில்லை.

ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "டாக்டர், போன வருஷம் மலக்குடல் புற்றுநோய்க்கு மட்டும் நீங்களே எத்தனை ஆபரேஷன் பண்ணீங்க?" இதில் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. "போன வருஷம்" என்று கேட்காவிட்டால் வாழ்நாள் கணக்கு வரும். "மலக்குடல்" என்று சொல்லாவிட்டால் பெருங்குடலும் சேர்ந்து வரும், சமயத்தில் பித்தப்பையும். "நீங்களே" என்பதை விட்டால் ஆஸ்பத்திரியின் மொத்த எண்ணிக்கை வரும். கேட்கக் கூச்சமாக இருந்தால், "வீட்ல பெரியவங்க கேக்கச் சொன்னாங்க" என்று பழியை அவர்கள்மேல் போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நாங்கள் பார்த்த இரண்டாவது சர்ஜனிடம் அக்கா இதே கேள்வியைக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. மேஜையில் இருந்த நோட்டைப் புரட்டி, "போன வருஷம் யூனிட்ல நாப்பத்தி சொச்சம். அதுல பாதிக்கு மேல நான். மீதி என்கூட இருக்கிறவர் பண்ணினது, நான் பக்கத்துல நின்னேன்" என்றார். எண்ணைவிட அந்த நோட்டுதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. எண்ணி வைக்கிறவர் தவறுகளையும் எண்ணியிருப்பார்.

அரசு மருத்துவக் கல்லூரி, புற்றுநோய் மையம் போன்ற இடங்களில் மொத்த எண்ணிக்கை பெரிதாக இருக்கும், மாணவர்களும் கை வைப்பார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இடுப்புக்குள் இறங்கும் கட்டத்தில் மூத்தவர் மேஜையில் நிற்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

எண்ணிக்கையிலேயே மயங்கவும் வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகனில் உடல் எடைக் குறைப்பு சர்ஜன்கள் 20 பேரின் ஆபரேஷன் வீடியோக்களைச் சக சர்ஜன்களிடம், யார் என்று சொல்லாமல், மதிப்பெண் போடக் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் வந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் வரிசைக்காரர்களுக்கு 5.2. உறுப்பு வேறுதான். ஆனால் நிறையச் செய்பவர்களுக்கு உள்ளேயும் கைக்குக் கை வித்தியாசம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவாக எதையும் நான் படிக்கவில்லை.

ஐந்தாம் படி: எண்ணுக்குப் பிறகு கேட்க வேண்டியவை

முதலில், பை. "எங்களுக்கு நிரந்தரமா பை வருமா?" என்று மட்டும் கேட்டால் ஆம், இல்லை என்று முடிந்துவிடும். "இதே உயரத்துல கட்டி இருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு ஆசனவாயைக் காப்பாத்தறீங்க?" என்று கேளுங்கள். கட்டி சுருக்குத் தசைக்குள்ளேயே இருந்தால் எவ்வளவு பெரிய நிபுணரும் நிரந்தரப் பைதான் வைப்பார், அது சரியான முடிவும்கூட. கொஞ்சம் மேலே இருந்தும் பை என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, கசிவு. குடலை இணைத்த இடம் விட்டுப்போய் உள்ளே கசிவது இந்த ஆபரேஷனின் பெரிய பயம். தாழ்வாக இணைத்தால் பத்தில் ஒருவருக்கு ஆகலாம். "எனக்குக் கசிவே ஆனதில்லை" என்பவர் மிகக் குறைவாகச் செய்திருக்க வேண்டும், அல்லது எண்ணவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கசிவு தெரிந்தால் சி.டி எடுக்க முடியுமா, ஐ.சி.யூ இருக்கிறதா, அவரே வருவாரா என்று கேளுங்கள். தற்காலிகமாகச் சிறுகுடலில் பை வைப்பதை எதிர்க்காதீர்கள். ஸ்வீடனில் 2007-இல் வந்த ஓர் ஆய்வில், தாழ்வாக இணைத்தவர்களில் பை வைக்காதவர்களுக்கு 28 சதவீதம் கசிவு, வைத்தவர்களுக்கு 10.3. சில மாதத்தில் மூடிவிடுவார்கள்.

சிறுநீர், தாம்பத்தியம், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளில் எத்தனை முறை மலம் போக வேண்டியிருக்கும், இவற்றை அவரே பேச்செடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இதைப் பேசப் பழகியவர் நரம்பைப் பார்த்துப் பழகியவர் என்பது என் அனுமானம்.

லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா, திறந்து செய்வதா? விளம்பரங்கள் ரோபோவில் நிற்கின்றன. 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில் 471 பேரை லேப்ராஸ்கோப்பி, ரோபோ என்று பிரித்துப் பார்த்தார்கள். நடுவில் நிறுத்தித் திறந்து செய்ய வேண்டிவந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1, அந்த வித்தியாசத்தை உறுதியானது என்று சொல்ல முடியவில்லை. அவருக்கு எது கைவந்ததோ அதைச் செய்யட்டும்.

புது முறை என்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆசனவாய் வழியாகக் கீழிருந்து மேலே போகும் டா-டி.எம்.இ என்ற முறை நார்வேக்கு வந்தபோது, பயிற்சியும் பதிவேடும் உள்ள அந்த நாட்டிலேயே தடுக்கியது. அந்த முறையில் செய்த 157 பேரில் இரண்டரை ஆண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பும் கணக்கு 11.6 சதவீதம். வழக்கமான முறையில் செய்தவர்களுக்குப் பதிவேட்டில் இருந்தது 2.4. முறையையே அங்கே நிறுத்தி வைத்தார்கள். "இது எத்தனாவது கேஸ்?" என்பது அப்படிப்பட்ட சமயத்தில் நியாயமான கேள்வி.

ஆறாம் படி: சர்ஜன் தனியாக முடிவெடுக்கிறாரா?

சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ரேடியாலஜிஸ்ட், பயாப்சி பார்ப்பவர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு கேஸாகப் பேசும் கூட்டத்துக்கு ட்யூமர் போர்டு என்று பெயர். "எங்க கேஸ் போர்டுல பேசினாங்களா?" என்று கேளுங்கள். கட்டி உறையின் ஓரத்தைத் தொட்டால் முதலில் கரண்ட் (ரேடியேஷன்) வைத்து, கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். மேலே உள்ள சிறிய கட்டிக்கு நேராக ஆபரேஷனே சரியாக இருக்கலாம். சிலருக்குக் கரண்டும் கீமோவும் முடிந்ததும் கட்டி முழுவதும் மறைந்துவிடும். அவர்களை ஆபரேஷன் இல்லாமல் நெருக்கமாகக் கண்காணிக்கும் வழியை பிரேசிலின் ஆஞ்செலிடா ஹப்ர்-காமா முன்வைத்தார், இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. நன்றாக ஆபரேஷன் செய்யத் தெரிந்தவர்தான், எப்போது செய்ய வேண்டாம் என்றும் சொல்கிறார். எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை, கட்டி பாதிதான் சுருங்கியது.

ஏழாம் படி: தூரம், பணம்

ஆபரேஷனுக்கு மட்டும் தூரம் போங்கள். கீமோவையும் பல சமயம் ரேடியேஷனையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், திட்டத்தைப் பெரிய மையம் போட்டுக்கொடுத்தால் போதும். 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் கூட்டம் அதிகம், காத்திருப்பும் அதிகம். முதல் நாள் ஃபைல் முழுசாக இருந்தால் ஒரு வாரம் மிச்சமாகும். நேரில் போக முடியாதவர்கள் டாடாவின் நிபுணர்களிடம் இணையம் வழியாக இரண்டாவது கருத்து கேட்க ‘நவ்யா’ என்ற சேவை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு, இந்த ஆபரேஷனுக்கு இருக்கிறதா என்றும் காப்பீட்டு மேஜையில் கேளுங்கள்.

எட்டாம் படி: முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு காகிதம்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டோமா நர்ஸ் வந்து பெரியப்பாவை உட்கார, நிற்க, குனியச் சொன்னார். வேட்டி எங்கே கட்டுவார் என்று கேட்டார். மடிப்பு விழாத, வேட்டி முடிச்சு உரசாத இடம் பார்த்து மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தார். பத்து நிமிட வேலை. இது இல்லாமல் வைத்த பை மடிப்புக்குள் போய் தினமும் கசிந்து அவதிப்பட்ட ஒருவரைப் பக்கத்துக் கட்டிலில் பார்த்தோம். புள்ளி வைக்க ஆள் இருக்கிறார்களா என்பதே அந்த இடத்தைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

ஆபரேஷன் முடிந்து எடுத்த குடலின் வெளிப்புறம் முழுக்க மை தடவி, வாழைத்தண்டு நறுக்குவதுபோல் வட்டம் வட்டமாக வெட்டிப் பார்ப்பார்கள். அந்த ரிப்போர்ட் சர்ஜனின் மதிப்பெண் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றைத் தேடுங்கள்: மீசோரெக்டம் முழுமையாக வந்ததா, கிழிந்து வந்ததா, மை தடவிய ஓரத்திலிருந்து கட்டி எத்தனை மி.மீ தள்ளி, அதாவது 1 மி.மீட்டருக்கு மேல் இருக்கிறதா. எத்தனை நிணநீர் முடிச்சுகளை எண்ணினார்கள். வழக்கமாகக் குறைந்தது 12 எதிர்பார்ப்பார்கள், முன்பே கரண்ட் வைத்திருந்தால் குறையலாம். இந்த மூன்றும் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். மேற்கொண்டு கீமோ வேண்டுமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் "முழுமை", "7 மி.மீ", "14" என்று இருந்தது. அக்கா மூன்றின் மேலும் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஃபைலின் முதல் பக்கத்தில் சொருகியிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறோம்.